'அங்க்சுவஸ்லி' எண்டு ஒரு இங்கிலிஷ் சொல்லு, தமிழில எப்படிக் கொண்டு வாற?

வாவிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பில கல்லடிப் பக்கம், வீட்டில இருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்யிற ஆள். கூடுதலா என்ஜிஓ ரிப்போட், கூட்ட அறிக்கை, டெங்கு நோட்டீஸ் இப்படித்தான் வரும், அதுகளில ஆரும் எதையும் உணர்ச்சியோட சொல்லுறதில்ல, "தெரிவிக்கப்பட்டது" எண்டு போட்டா வேலை முடிஞ்சுது. இந்த முறை தெரிஞ்ச ஒராள் ஒரு இங்கிலிஷ் சிறுகதையத் தந்து தமிழாக்கித் தரச் சொல்லிட்டார், நானும் பெரிய ஆள் மாதிரி ஓம் எண்டுட்டன்.

கதையில புருசன் செத்து ஒரு மாசம் ஆகாத ஒரு மனுசி. அவட வீட்டுக்கு லோயர் ஒராள் வாறார், ஏதோ சொத்துக் கடதாசியில கையெழுத்து வாங்க. கதிரையில இருந்துகொண்டு "உங்கட குடும்பத்துட நன்மைய விட எனக்கு வேற என்ன வேணும்" எண்டு சொல்லுறார். அந்த "சொன்னார்" ஓட ஒட்டிக்கொண்டு ஒரு சொல்லு கிடக்கு, அங்க்சுவஸ்லி. யூ, என், சி, ரி எண்டு துவங்கும். போனில உள்ள மொழிபெயர்ப்பு ஆப்பில போட்டுப் பாத்தன், "எண்ணெய்த்தனமாக" எண்டுது. "லோயர் எண்ணெய்த்தனமாகச் சொன்னார்" எண்டு எழுதிக் குடுத்தா அவர் வடை சுடுற ஆள் எண்டுதான் வாசிக்கிறவங்க நினைப்பாங்க.

நானும் மூணு நாலு சொல்லுப் போட்டுப் பாத்துட்டன். "போலியாக" எண்டா சப்பெண்டு கிடக்கு. "பாசாங்காக" எண்டா சின்னப்புள்ள காய்ச்சல் எண்டு ஸ்கூலுக்குக் கள்ளம் போடுற மாதிரி. "நயவஞ்சகமாக" எண்டு போட்டா கூத்தில வாற ராசா மீசைய முறுக்கிக்கொண்டு வந்து நிக்கிறார். இந்த லோயர் அப்படியில்ல, சிரிச்ச முகம், மெல்லிய குரல். இந்தச் சொல்லுக்கு உண்மையில என்ன அர்த்தம், இங்கிலிஷ்காரர் இத எங்க எங்க பாவிப்பாங்க, நம்மட பேச்சில இதுக்கு ஒரு சொல்லு இருக்கா? தெரிஞ்சாக்கள் சொல்லுங்க, ஞாயிறுக்குள்ள குடுக்க வேணும்.

களுவாஞ்சி மிஸ்:

தங்கச்சி, முதல் உச்சரிப்பு. அங்க்-ச்சு-வஸ்-லி. இங்கிலிஷ்காரரிலயே சில பேர் நடுவில உள்ள யூவ முழுங்கிப்போட்டு அங்க்-ஷஸ்-லி எண்டு சொல்லுறது, எழுதக்குள்ளயும் அதே பிழையோட எழுதுறது. அதால உங்களுக்கு முதல் தரமே சரியா வந்திருக்கு எண்டு சந்தோசப்படுங்க.

இந்தச் சொல்லு வெறும் பொய்யச் சொல்லுறதில்ல. பொய்யெண்டா லையிங் எண்டு நேர போயிடலாமே. இதில பொய்யா இருக்கிறது சொன்ன விசயம் இல்ல, சொன்ன ஆள்ட அக்கறை. எதிர்ல இருக்கிறவங்கட மனசப் பிடிக்க வேணும் எண்டதுக்காக அக்கறைய அள்ளி அள்ளிப் பூசுறது, பூசிப்போட்டு "நான் எவ்வளவு நல்ல மனுசன்" எண்டு தனக்குள்ளயே ஒரு திருப்தியும் படுறது. அந்தத் திருப்தி முக்கியம், கன பேர் அத விட்டுடுவாங்க. பயந்து நடுங்கிக்கொண்டு முகஸ்துதி செய்யிறவன் அங்க்சுவஸ் இல்ல, அவன் பாவம். இவன் வழவழப்பா, ஆறுதலா, தன்ட குரலத் தானே ரசிச்சுக்கொண்டு பேசுவான்.

அதால "பந்தம் பிடிக்கிற", "வால் பிடிக்கிற" எண்டு ஆரும் சொன்னா கேட்டுடாதீங்க. பந்தம் கீழ நிக்கிறவன் மேல நிக்கிறவனுக்குப் பிடிக்கிறது. அதுக்கு அப்சீக்குவியஸ்லி எண்டு வேற சொல்லு இருக்கு. அங்க்சுவஸ் மேல இருந்து கீழயும் வரும். உங்கட லோயரப் பாருங்க, அவருக்கு அந்த மனுசியிட்டப் பயமா என்ன? அரசியல்வாதி தேர்தலுக்கு முதல் கிழவிட கையப் பிடிச்சுக்கொண்டு கதைக்கிறார் பாத்திருக்கீங்களா, அந்தச் சாயல்.

எங்க பாவிக்கிற எண்டா கதை, நாவல், பத்திரிகைக் கட்டுரை. வாயால பேசக்குள்ள லேசில வராது, ஆரும் சந்தையில நிண்டு அங்க்சுவஸ்லி எண்டு சொல்லுறதில்ல. கூட வாற வினை கூடுதலா "சொன்னான்", "சிரிச்சான்", "தலைய ஆட்டினான்", "முணுமுணுத்தான்" இப்படி. ஓடினான், சாப்பிட்டான் எண்டதோட ஒட்டாது. மறுகா இது எப்பவும் அடுத்தவனப் பத்திச் சொல்லுறது, தன்னப் பத்தி ஆரும் சொல்லிக்கொள்ளாயினம்... சொல்லமாட்டாங்க (யாழ்ப்பாணத்து மருமகள் வந்த நாளில இருந்து என்ட பேச்சும் குழம்பிட்டு). பாராட்டாவும் வராது, மனுசருக்குப் போட்டா எப்பவும் குத்துத்தான்.

ஏ.எல். லிட்றேச்சர் புள்ளைகள் இதையும் டிஸ்இன்ஜெனுவஸ்லியையும் போட்டுக் குழப்புவாங்க. அது வேற. அதில எண்ணெய் இல்ல. தெரிஞ்ச ஒண்டத் தெரியாத மாதிரி, வெள்ளையா, அப்பாவி மாதிரிக் கேக்கிறது. "அப்படியா, அந்தக் காசு என்ட எக்கவுண்டுக்கா வந்திருக்கு?" எண்டு கேக்கிறானே, அவன். இன்ஜெனுவஸ் எண்டா கள்ளமில்லாத, லத்தீனில சுதந்திரமாப் பிறந்த ஆள் எண்ட அர்த்தத்தில இருந்து வந்தது. புத்திசாலி எண்ட இன்ஜீனியஸ் வேற, ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், ஒவ்வொரு வருசமும் அந்த ஒரு எழுத்தில நாலு புள்ளையாவது விழும்.

தேத்தண்ணிக்கடை:

இதுக்கு ஏன் இவ்வளவு பெரிய விளக்கம். ஐஸ் வைக்கிறது. முடிஞ்சுது. "லோயர் ஐஸ் வைத்தார்."

களுவாஞ்சி மிஸ்:

தம்பி, செத்த வீட்டில ஆரும் ஐஸ் வைக்கிறதெண்டா அது வேற அர்த்தம் வந்திடும்.

புளியந்தீவான்:

மிஸ் சிரிக்க வச்சிட்டிங்க. நான் எண்ணெய்ட கதையச் சொல்லுறன், ஏனெண்டா ஆப் சொன்னது முழுப்பிழை இல்ல. லத்தீனில உங்குவேரே எண்டா எண்ணெய் பூசுறது. ஒயின்ட்மென்ட் எண்டு நாம காயத்துக்குப் பூசுறமே, அதுவும் அதே வேர்தான். எங்கட கத்தோலிக்க வீடுகளில பழைய ஆக்கள் "அவஸ்தைப்பூசுதல்" எண்டு சொல்லுவாங்க, சாகக் கிடக்கிற ஆளுக்கு சுவாமி வந்து நெத்தியிலயும் கையிலயும் எண்ணெய் பூசி செபிக்கிறது, இப்ப "நோயில் பூசுதல்" எண்டு பேர மாத்திட்டாங்க. இங்கிலிஷில அதுக்குப் பேர் எக்ஸ்ட்றீம் அங்க்ஷன். எங்கட அம்மம்மாவுக்கு சுவாமி வந்து பூசினது எனக்கு நல்லா ஞாபகம், அந்த எண்ணெய் வாசமும், அவ அதுக்குப் பிறகு பேசாம அமைதியாக் கிடந்ததும்.

அந்த அங்க்ஷன் எண்ட சொல்லு பிறகு பிரசங்கத்துக்குப் போயிட்டு. ஒருத்தர் உருகி உருகிப் பிரசங்கம் வச்சா, ஆவியால அபிஷேகம் பெற்ற ஆள் மாதிரி இருந்தா, அவர்ட பேச்சில அங்க்ஷன் இருக்கு எண்டு மரியாதையாத்தான் சொன்னவங்க. ஆனா உருகிற மாதிரி நடிக்கிற பிரசங்கிமாரும் வந்தாங்கதானே. 18ம் நூற்றாண்டு வரக்குள்ள அங்க்சுவஸ் எண்டா கள்ள உருக்கம் எண்டு ஒரு கிண்டலும் சேந்துட்டு. அதுக்கு முதல் அது வெறுமனே எண்ணெய்ப்பசை உள்ள எண்டதுதான், மண்ணுக்கும் சொல்லுவாங்க, களிமண்ணுக்கும் சொல்லுவாங்க.

டிக்கன்ஸ் எண்ட இங்கிலிஷ் எழுத்தாளர் 1852, 53ல தொடரா எழுதின ப்ளீக் ஹவுஸ் நாவலில சாட்பேண்ட் எண்டு ஒரு போதகர் வருவார். மஞ்சள் நிறம், கொழுத்த சிரிப்பு, உடம்புக்குள்ள திமிங்கல எண்ணெய் ஓடுற மாதிரி ஒரு தோற்றம். அவர் வாயத் துறந்தாலே அங்க்சுவஸ்லிதான். எண்ணெயும் பிரசங்கமும் ஒரே ஆளில சேந்து நிக்கிறத வேற எங்கயும் இவ்வளவு சுத்தமா நான் பாக்கல்ல.

நிந்தவூர் நானா:

எண்ணெய் எண்டதும்தான் எனக்கு மெழுகு ஞாபகம் வந்திச்சி. சின்சியர் எண்ட சொல்லுக்கு ஒரு கத இரிக்கி, ரோமில சிலை செய்யிறவனுகள் கல்லில வெடிப்பு வந்தா மெழுக வச்சி மூடி வித்துப்போடுவானுகளாம், நல்ல சிலைக்கு "மெழுகு இல்ல" எண்டு எழுதி வைப்பாங்களாம், சீனே செரா, அதுதான் சின்சியர் ஆன. அப்ப மெழுகு பூசாதவன் உண்மையானவன், எண்ணெய் பூசினவன் கள்ளன். நல்ல பொருத்தம்தானே? எங்கட ட்ரெய்னிங் ஒண்டில ஒரு சேர் சொல்லித் தந்த.

களுவாஞ்சி மிஸ்:

நானா, அந்தக் கத கேக்க நல்லாத்தான் இருக்கு, எல்லா ட்ரெய்னிங்லயும் சொல்லுவாங்க. ஆனா அது ஆரோ பின்னால கட்டின கத. லத்தீனில சின்செருஸ் எண்டா சுத்தமான, கலப்பில்லாத எண்டு அர்த்தம், அவ்வளவுதான். மெழுகுக்கு ஆதாரம் இல்ல. ஆனா எண்ணெய் விசயத்தில உங்களுக்கு ஒண்டு தாறன், ஸ்மார்மி எண்டு ஒரு சொல்லு இருக்கு, அங்க்சுவஸ்ட ஒண்டவிட்ட தம்பி மாதிரி. அது கிராமத்து இங்கிலிஷில தலைமயிருக்கு எண்ணெய் போட்டு வழிச்சு வாருறதுக்குச் சொன்ன சொல்லில இருந்து வந்தது. அது உண்மை. பேச்சில பாவிக்கிறதெண்டா ஸ்மார்மிதான் வரும், அங்க்சுவஸ் வேட்டி சால்வையோட வாற சொல்லு.

நிந்தவூர் நானா:

அப்ப அந்த சேரும் எங்களுக்கு மெழுகு பூசித்தான் அனுப்பியிரிக்காரு 😄 செரி செரி.

ஆரையம்பதி மச்சாள்:

நான் இங்கிலிஷ் படிச்சது கொஞ்சம்தான், ஆனா வாவிக்கரை சொல்லுற லோயர எனக்குத் தெரியும். லோயரா வரல்ல, காணித் தரகரா வந்தார்.

அப்பா மோசம் போய், 31ம் நாள் செத்தவீட்டுக் கிரியை முடிஞ்ச கையோட ஒரு நாள் பின்னேரம். முன்னப்பின்ன எங்கட வீட்டுக்கு வராத ஆள். படலையடியிலயே செருப்பக் கழட்டிட்டார். படலையில இருந்து வாசலுக்கு நல்ல தூரம், எல்லாம் கடல்மணல், வெயிலில சுடும், எங்கட வீட்டாக்களே வாசல் வரைக்கும் செருப்போடதான் வருவம். இவர் காலத் தூக்கித் தூக்கி வாறார். வந்து அப்பாட படத்துக்கு முன்னால கைகட்டி, கண்ண மூடிக்கொண்டு நிண்டார். அம்மா அழத் துவங்கிட்டா. நான் பக்கத்தில நிண்டு பாக்கிறன், ஒரு கண்தான் மூடிக் கிடக்கு, மத்தக் கண் ஜன்னலால வளவப் பாக்குது. தென்னைய எண்ணினாரோ கிணத்தப் பாத்தாரோ எனக்குத் தெரியா.

மறுகா கதிரையில நுனியில இருந்து ரெண்டு கையையும் உரசி உரசி, "அம்மா நான் உங்கட வயித்தில பிறக்காத புள்ள மாதிரி, இந்த 40 பேர்ச் காணியையும் நல்ல விலைக்கு எடுத்துத் தாறதில எனக்கு ஒரு சதம் வேணாம், ஐயாட ஆத்மா சாந்தியடைஞ்சாப் போதும்" எண்டார். தேத்தண்ணி வேணாம் வேணாம் எண்டு மூணு தரம் சொல்லி நாலாம் தரம் சீனி போட்டுக் குடிச்சார். போகக்குள்ள என்ட தம்பிட தலையில கைய வச்சார், அவன் பத்தாம் வகுப்பு, மீசை முளைச்ச புள்ள, அவனுக்கு வந்த கோவத்தப் பாக்க வேணும். அம்மா அது வரைக்கும் அழுதுகொண்டுதான் இருந்தா. அவர் படலையத் தாண்டினதும் கண்ணத் துடைச்சுப்போட்டு, "ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுதிட்டுப் போகுது, படலையச் சாத்து" எண்டா.

எங்கட ஊரில இதுக்குப் பசப்புற எண்டு சொல்லுவம். "பசப்பிக்கொண்டு வந்து நிக்கிறான்". இல்லாட்டி குழையிற, "குழைஞ்சு குழைஞ்சு கதைக்கிறான்". அந்தத் தரகர் குழைஞ்ச குழையலுக்கு சோறா இருந்தா கஞ்சியாகியிருக்கும்.

களுவாஞ்சி மிஸ்:

மச்சாள், அந்தக் கை உரசல்! டிக்கன்ஸ்ட டேவிட் காப்பர்ஃபீல்ட் நாவலில யூரியா ஹீப் எண்டு ஒரு கிளார்க் வருவான், "நான் தாழ்மையானவன் தாழ்மையானவன்" எண்டு சொல்லிச் சொல்லியே முதலாளிட சொத்தில கைவச்ச ஆள், அவனுக்கும் இதே பழக்கம். ஈரக்கை, எந்நேரமும் உரசிக்கொண்டே இருப்பான். இங்கிலிஷ் வாத்திமார் அங்க்சுவஸ்க்கு உதாரணம் கேட்டா முதல் அவனத்தான் சொல்லுவாங்க. டிக்கன்ஸ் ஆரையம்பதிக்கு வராமலே உங்கட தரகர எழுதியிருக்கார்.

மொழிபெயர்ப்புக்கு மச்சாள் சொன்னதுதான் வழி. இங்கிலிஷில இத அட்வேர்ப்பா "சொன்னான்"க்குப் பக்கத்தில ஒட்டுவாங்க. தமிழில "ஆக" போட்டு ஒட்டினா செத்துப் போகும், நமக்கு அது வினையிலயே இருக்கு. குழைஞ்சான், பசப்பினான், வழிஞ்சான். "சொன்னார்" எண்டதத் தூக்கிப்போட்டு "குழைந்தார்" எண்டு போடுங்க. பசப்பு எண்டா குறள் படிச்ச ஆக்களுக்குக் காதலன் பிரிஞ்ச பொம்புளட தோல் நிறம்தான் ஞாபகம் வரும், அதால எழுத்தில கொஞ்சம் யோசிச்சுப் போட வேணும்.

வடமராட்சியான்:

நான் மட்டக்களப்புக்கு வேலைக்கு வந்து 6 வருசம். ஒரு மறுபக்கமும் சொல்லவேணும் போல கிடக்கு. வெளிக்கிடேக்க அம்மா சொல்லி விட்டவ, அங்க ஆக்கள் பாயோட ஒட்ட வச்சிடுவினம் (மயக்கித் தங்கட ஊரோடயே வச்சிருக்கிறதாம்), தாற சாப்பாட்டைப் பாத்துச் சாப்பிடு எண்டு. வந்து முதல் கிழமையே வீட்டுக்கார அம்மா விடியப் பிட்டும் தயிரும் அனுப்புறா, தயிர் எண்டா அந்த எருமைத் தயிர், சட்டியைக் கவிட்டாலும் விழாது. "மனே சாப்பிட்டியா, மனே ஏன் மெலிஞ்சு போனா" எண்டு ஒரே கேள்வி. எங்கட பக்கம் அறியாத ஆளோட இப்பிடி ஒருத்தரும் கதைக்கமாட்டினம். நான் ஒரு மாசமா யோசிச்சன், இவ வாடகையைக் கூட்டப் போறா, இல்லாட்டி ஆரோ சொந்தக்காரப் பெட்டைக்குப் பேசப் போறா எண்டு. ஒண்டும் நடக்கேல்லை. வாடகை இண்டைக்கும் அதேதான், தயிர் இண்டைக்கும் வருது.

நான் சொல்ல வாறது, இனிப்பாக் கதைக்கிறது எல்லாம் அங்க்சுவஸ் இல்லை. மொழிபெயர்க்கிற ஆள் அந்த லோயரை வெறுமனே "அன்பொழுக" எண்டு எழுதினா வாசிக்கிற ஆள் மட்டக்களப்பு அம்மாவை நினைச்சிடும்.

ஆரையம்பதி மச்சாள்:

தம்பி, பெட்டை விசயம் இன்னும் முடியல்ல, அவசரப்படாதீங்க. பாயோட ஒட்டுறதுக்கு 6 வருசம் காணாது.

திருக்கோவில் வைத்தியர் பேரன்:

எங்கட அம்மப்பா நாட்டு வைத்தியர், அவர்ட எண்ணெய்ச் சட்டிகளுக்கு நடுவிலதான் நான் வளந்த. அதால புளியந்தீவான் எண்ணெய் பூசின கத சொன்னதும் எனக்கு வேற ஒண்டு பட்டிச்சு. அம்மப்பா எண்ணெய், நெய் எல்லாத்தையும் சேத்து "சிநேகம்" எண்டுதான் சொல்லுவார். ஆயுர்வேதத்தில நாலு சிநேகம், நெய், எண்ணெய், கொழுப்பு, எலும்புக்குள்ள இருக்கிற மச்சை. உடம்புக்கு எண்ணெய் குடுக்கிற வைத்தியத்துக்கு சிநேகனம் எண்டு பேர். நான் சின்னனில கேட்டன், சிநேகம் எண்டா கூட்டாளித்தனம் இல்லையா அம்மப்பா எண்டு. ரெண்டும் ஒண்டுதான்டா எண்டார், கையில எண்ணெயத் தடவிக் காட்டினார், "காஞ்சு போன ரெண்ட உரசாமப் பழக வைக்கிறது எது? அதுதான்."

சமஸ்கிருதத்தில ஸ்நேஹ எண்டா எண்ணெயும் அன்பும். அதில இருந்து வந்ததுதான் நம்மட நேசமும் நேயமும், பழைய தமிழில நேயம் எண்டா நெய்யும்தான். அப்ப பாருங்க, லத்தீன்காரனும் எண்ணெயத்தான் எடுத்தான், நம்மாக்களும் எண்ணெயத்தான் எடுத்தாங்க, அவங்களுக்கு அது கள்ள அன்புக்குப் போயிட்டு, நமக்கு மெய்யான அன்புக்கு வந்துட்டு. வாவிக்கரை அக்கா "எண்ணெய்த்தனமாக" எண்டு எழுத ஒண்ணா எண்டதுக்குக் காரணம் வடை மட்டும் இல்ல, நம்மட காதுக்கு எண்ணெய் கெட்ட சாமான் இல்ல. தலையில எண்ணெய் வச்சு விடுறவ அம்மா.

இங்கிலிஷிலயும் முழுக்கக் கெடல்ல போல. சமையல் பத்தி எழுதுறவங்க எலும்பு மச்சையையும் கொழுப்பு உருகின குழம்பையும் அங்க்சுவஸ் எண்டு பாராட்டித்தான் எழுதுவாங்க. வாய்க்குள்ள போற எண்ணெய் நல்லது, வாயில இருந்து வாறதுதான் பிரச்சின.

தேத்தண்ணிக்கடை:

தம்பி கடைசி வரியில நீங்களும் கொஞ்சம் அங்க்சுவஸ் ஆகிட்டிங்க.

வாவிக்கரை:

எல்லாருக்கும் கன நன்றி, இவ்வளவு வரும் எண்டு நான் நினைக்கல்ல. ராத்திரி இருந்து திரும்ப எழுதினன். முதல்ல இப்படி:

"உங்கள் குடும்பத்தின் நன்மையை விட எனக்கு வேறென்ன வேண்டும்?" என்று குரலில் நெய்யொழுகக் குழைந்தார் வழக்கறிஞர்.

எழுதி முடிச்சு வாசிக்கக்குள்ள திருக்கோவில் தம்பி சொன்னது ஞாபகம் வந்துட்டு, நெய் வந்தா நல்ல மனுசனாகிடுவார் எண்டு அத வெட்டினன். வெட்டினா "குழைந்தார்" மட்டும் மிஞ்சுது, அது காணாது போல இருந்திச்சு. மறுகாதான் மச்சாள்ட தரகர் என்ன சொன்னார் எண்டு திரும்பப் போய் வாசிச்சன். "அம்மா நான் உங்கட வயித்தில பிறக்காத புள்ள". அந்த ஆள்ட எண்ணெய் எல்லாம் அந்த "அம்மா"வில இருக்கு. கதையில லோயருக்கு வயசு அறுபது கிட்ட, அந்த மனுசிக்கு முப்பத்தஞ்சு. அறுபது வயசு ஆள் முப்பத்தஞ்சு வயசுப் பொம்புளய ஒரு காரியத்துக்காக "அம்மா" எண்டா வாசிக்கிற ஆளுக்கு வேற ஒண்டும் சொல்லத் தேவையில்ல. இப்ப இப்படி இருக்கு:

"உங்கள் குடும்பத்தின் நன்மையை விட எனக்கு வேறென்னம்மா வேண்டும், சொல்லுங்கம்மா?" என்று குழைந்தார் வழக்கறிஞர்.

மூலத்தில ஒரு சொல்லு, என்னட்ட ரெண்டு "அம்மா". சரியா இது?

களுவாஞ்சி மிஸ்:

சரி. ரெண்டாவது "அம்மா"வ விட்டுடாதீங்க, எடிட் பண்ணுறவர் ஒண்டு காணும் எண்டு வெட்டப் பாப்பார். ஒண்டு மரியாதை, ரெண்டாவதுதான் அங்க்சுவஸ்லி.

ஆரையம்பதி மச்சாள்:

கைய உரசினதையும் எங்கயாவது போட்டுடுங்க, எங்கட அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டவேணும்.